மேகத்துக்கும் ஒரு மனை உண்டு

பதிவு எழுதி மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. டிசர்டேஷன், சனி ஞாயிறு கடை வேலை, சளி, இருமல்னு வழக்கமான சாக்கு எல்லாம் கைவசம் இருக்கு. அதை விடுங்க. இந்த மூணு மாசத்துல உருப்படியாச் செஞ்ச காரியம் ஒண்ணே ஒண்ணுதான். பெரியப்பாவோட வலைத்தளத்தை மறுபடியும் இணையத்துல ஏத்தினேன். "கிளவுட்ல வெப்சைட் போடுறது எப்படி?"ன்னு நம்ம பதிவர்கள் ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. அதைச் சொல்லலாம்னுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத சரித்திரமா நீண்டு போச்சு. பொறுத்துக்குங்க :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி.

பெரியப்பா சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். 2004ல் வாரா வாரம் பஸ் ஏறி டவுனில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், ஊர்க் கண்மாயைப் பற்றி ஒரு வலைத்தளம் செய்தார். மொத்தம் 31 பக்கம். மடை ஒவ்வொன்றுக்கும் ஊர் வைத்த பேர், கலுங்கு எந்த வருஷம் உடைந்தது, தண்ணீர் முறை வைத்து எப்படிப் பிரித்தார்கள் என்று எல்லாம் இருந்தது. ஒரு பக்கம் முழுக்க ஊர் நீர்ப்பாய்ச்சி சொன்னது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரியப்பா கேட்டுக் கேட்டு எழுதினார்.

இலவசமா இடம் கொடுத்த ஏதோ ஒரு நிறுவனத்தில்தான் அந்தத் தளம் இருந்தது. பேர் எதுக்கு, விடுங்க. ஒருநாள் போய்ப் பார்த்தால் பக்கம் இல்லை. முன்னறிவிப்பு வந்திருக்கலாம். அது வந்த மின்னஞ்சல் முகவரியின் கடவுச்சொல்லையே பெரியப்பா மறந்து போயிருந்தார். நீர்ப்பாய்ச்சி 2008ல் இறந்துட்டார்.

போன லீவுல ஊருக்குப் போனப்ப பீரோவில் ரெண்டு சிடி கிடைத்தது. ஒன்று படித்தது, இன்னொன்று படிக்கவே இல்லை. 31ல் 23 பக்கம் மீண்டது. மீளாத எட்டில் நீர்ப்பாய்ச்சி சொன்ன பக்கமும் ஒன்று. "இதை மறுபடி போட்டுத் தர்றேன் பெரியப்பா"ன்னு சொன்னேன். அவர் உடனே சந்தோஷப்படலை. "போடுப்பா. ஆனா இந்தத் தடவை எத்தனை நாளைக்கு இருக்கும்?"னு கேட்டார்.

எனக்குப் பதில் தெரியலை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதுதான் மிச்சக் கதை.

* * *

உலகத்தின் முதல் வலைத்தளத்தில் இருந்தே ஆரம்பிப்போம். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989ல் யோசனையை எழுதிக் கொடுத்தார். 1991ல் அதை வெளி உலகத்துக்குத் திறந்துவிட்டார். அப்போது ஹோஸ்டிங், சர்வர் வாடகை என்று எதுவும் கிடையாது. அவர் உபயோகித்த நெக்ஸ்ட் கணினியே சர்வர். யாராவது தெரியாமல் அணைத்துவிடப் போகிறார்கள் என்று, இதை அணைக்காதீர்கள் எனச் சிவப்பு மையில் எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டி வைத்தார். அந்தச் சீட்டோடு அந்தப் பெட்டி இன்னமும் இருக்கிறது.

ஆனால் முதல் பக்கம் இல்லை! திருத்தத் திருத்தப் பழைய வடிவம் அழிந்துகொண்டே வந்தது. 2013ல் செர்ன் அந்தத் தளத்தைப் பழையபடி எழுப்பியபோது அவர்களுக்குக் கிடைத்தது 1992ஆம் வருஷத்துப் பிரதிதான். வலையைக் கண்டுபிடித்த இடத்திலேயே இந்தக் கதி என்றால், நம்ம பெரியப்பா எம்மாத்திரம்?

தமிழ் இணையத்துக்கு வந்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஆனாலும் இடம் என்ற கோணத்தில் ஒருமுறை பார்க்கலாம். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முயற்சியில் 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான வலைத்தளத்தில் தமிழும் ஏறியது. அந்நாட்டு ஜனாதிபதி ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கி வைத்தார். சிட்னியில் இருந்து பாலா பிள்ளை தமிழ்.நெட் நடத்தினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைச் செய்தார். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்து கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். சிங்கப்பூர், சிட்னி, லோசான் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். ஆரம்பத்திலிருந்தே நம்ம இணையத் தமிழ் குடியிருந்தது பெரும்பாலும் வெளியூரில்தான்.

இடம் கிடைத்தாலும் எழுத்து கிடைக்கவில்லை. ஆளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. ஒருத்தர் போட்ட பக்கம் இன்னொருத்தர் கணினியில் பூச்சி பூச்சியாகத் தெரியும். அதைத் தீர்க்க 1997 முதல் மின்னஞ்சல் குழுவில் மாதக்கணக்கில் சண்டை போட்டு டிஸ்கி வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று அரசாங்கம் வேறு ஒன்றைக் கொண்டு வந்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் ஒதுக்கியிருந்தும், வீட்டுக் கணினியில் அது ஒழுங்காகத் தெரிய விண்டோஸ் 2000, எக்ஸ்பி எல்லாம் வரவேண்டியிருந்தது. பெரியப்பா டிஸ்கியில்தான் அடித்திருந்தார். சிடியைத் திறந்ததும் எனக்கும் பூச்சிதான் தெரிந்தது. மாற்றியில் போட்டு எடுத்து, கைப்பட சரிபார்க்கவே ரெண்டு வாரம் ஆச்சு.

இதில் மதுரைத் திட்டத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்கணும். அவர்கள் மின்னூல் ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு அறிவிப்பு இருக்கும். இந்த முகப்பை மாற்றாமல் யார் வேண்டுமானாலும் இந்தக் கோப்பை இலவசமாகப் பரப்பலாம் என்பது அதன் சாரம். சாதாரண வரியாத் தெரியும். ஆனா அந்த அனுமதி இருந்ததால்தான் அந்தக் கோப்புகள் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான கணினிகளுக்குப் போச்சு. டிஸ்கி போய் யூனிகோடு வந்ததும் மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். ஒரு சர்வர் போனாலும் நூல் போகாது.

இதன் மறுபக்கத்தை யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ் நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அதில் வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன. 2005ல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இன்றுவரை மின்வடிவாக்கிக்கொண்டே இருப்பதற்குப் பின்னால் அந்த ராத்திரியும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

* * *

இலவச இடங்களின் காலத்தைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. 1994ல் அமெரிக்காவில் ஜியோசிட்டீஸ் வந்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பக்கம் போடலாம். அதைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சினிமா என்றால் ஹாலிவுட், கணினி என்றால் சிலிக்கான் வேலி, தத்துவம் கித்துவம் என்றால் ஏதென்ஸ். நம்ம ஆட்களும் அங்கே குடிசை போட்டார்கள். ஓடும் எழுத்து, மினுக்கும் நட்சத்திரம், கீழே வருகை எண்ணி... ஞாபகம் வருதா?

1999ல் யாஹூ அதைப் பங்கு மதிப்பில் 350 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. சில தன்னார்வலர்கள் ராப்பகலாக உட்கார்ந்து முடிந்ததை நகலெடுத்து வைத்தார்கள். மீதி போச்சு. இலவசமாக் கொடுத்தவங்க மேல கோபப்பட்டு என்ன செய்ய? வாடகை கொடுக்காத வீட்டில் குடித்தனக்காரனுக்கு உரிமை கம்மி.

வாடகை கொடுக்கிற வீடும் அந்தக் காலத்தில் சிரமம்தான். உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும் மாசம் இவ்வளவு என்று கட்டணும். கூட்டம் வந்தால் சர்வர் படுத்துவிடும். வராவிட்டால் காசு தண்டம். 2006 மார்ச் 14 அன்று அமேசான் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையைத் திறந்ததும் கணக்கு மாறியது. ஒரு கிகாபைட்டுக்கு மாசம் 15 சென்ட். உபயோகித்த அளவுக்கு மட்டும் பில், கரண்ட் பில் மாதிரி. அதே ஆண்டு ஆகஸ்டில் கணினியையே மணிக்கு 10 சென்ட் வாடகைக்கு விட்டார்கள். 2011ல் எஸ்3யில் இருந்தே நேரடியாக வலைத்தளம் நடத்தும் வசதியும் வந்தது. பெரியப்பாவோட தளம் படங்களோட சேர்த்து 40 மெகாபைட். 2006ஆம் வருஷ விலைப்படியே மாசம் ஒரு சென்ட்கூட ஆகாது!

இதுக்குத்தான் மேகம்னு பேர். அந்தப் பேர் வந்த கதையும் சுவாரசியம். நெட்வொர்க் படம் வரையும் பொறியாளர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டத் தேவையில்லாத பகுதியை ஒரு மேகமாக வரைந்துவிடுவார்கள். உள்ளே பார்க்காதே, அது உன் கவலை இல்லை என்று அர்த்தம். நானும் பார்க்காமத்தான் இருந்தேன், சவுத்தாலுக்குக் குடி வரும் வரைக்கும்.

* * *

சவுத்தால் என்றால் நமக்கு ஞாபகம் வருவது ஜிலேபி, குர்முகியில் எழுதிய ரயில் நிலையப் பலகை, தீபாவளிக்கு நெரிசல், இட்லி அரிசி கிடைக்கும் கடை. நான் இருப்பது ஒரு பஞ்சாபி ஆன்ட்டி வீட்டு மாடி அறையில். ஆனால் இந்த ஊர் வழியாகத்தான் தகவல் என்கிற சமாசாரம் 180 வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

1839ல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்பாதை ஓரமாக பேடிங்டனில் இருந்து வெஸ்ட் டிரேட்டன் வரை சுமார் 13 மைலுக்குத் தந்திக் கம்பி போட்டார்கள். குக், வீட்ஸ்டன் இருவரும் செய்த மின்தந்தி. உலகத்திலேயே வணிக ரீதியாக ஓடிய முதல் தந்திகளில் ஒன்று. அது ஹான்வெல்லில் வார்ன்கிளிஃப் பாலத்தைத் தாண்டி, சவுத்தாலைக் கடந்துதான் போனது. 1843ல் ஸ்லவ் வரை நீட்டினார்கள்.

1845 ஜனவரி 1 அன்று ஸ்லவ் அருகே சால்ட் ஹில்லில் ஒரு பெண்ணைக் கொலை செய்த ஜான் டாவெல் என்பவன் பேடிங்டனுக்கு ரயில் ஏறினான். அவன் க்வேக்கர் சமயத்தார் உடையில் இருந்ததாக ஸ்லவ்வில் இருந்து தந்தி பறந்தது. ரயில் போய்ச் சேரும் முன்னே செய்தி போய்ச் சேர்ந்தது. ஆள் மறுநாள் கைதாகி, மார்ச்சில் தூக்கில் தொங்கினான். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்தத் தந்திக் கருவியில் க்யூ என்ற எழுத்தே கிடையாது. அதனால் க்வேக்கர் என்பதை கே, டபிள்யூ போட்டு அடித்தார்கள். வாங்கினவருக்கு முதலில் புரியவில்லையாம். இங்கிலீஷ்காரனுக்கே எழுத்துப் பிரச்சினை இருந்திருக்கு பாருங்க! டிஸ்கியும் தங்லீஷும் பட்ட பாடு நமக்கு மட்டும் இல்லை.

இங்கே கால்வாய்க் கரையில் மூன்று பாலம் என்று ஒரு இடம் உண்டு. கீழே ரயில், அதற்கு மேலே கால்வாய், அதற்கும் மேலே சாலை. புரூனெல் கட்டி 1859ல் முடித்தது. அதே வருஷம் அவர் இறந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே நின்றால் ஒன்று புரியும். ஒரு தடவை ஒரு வழி போட்டுவிட்டால், அடுத்து வருவதெல்லாம் அதை ஒட்டியே போகும். கால்வாய், ரயில், தந்தி, பிறகு எம்4 நெடுஞ்சாலை, அதன் ஓரமாக அட்லாண்டிக் வரை போகும் கண்ணாடி இழை வடங்கள். வடம் போகும் வழியில் டேட்டா சென்டர்கள் முளைத்தன. ரயிலில் கொஞ்ச தூரம் போனால் வரும் ஸ்லவ் தொழிற்பேட்டை இன்று ஐரோப்பாவின் பெரிய டேட்டா சென்டர் கூட்டங்களில் ஒன்று. பக்கத்து ஊர் ஹேஸிலும் ஜன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டடங்களைப் பார்க்கலாம். மழை பெய்தால் நனைகிற மேகம்!

அதற்கு ஒரு விலையும் உண்டு. 2022ல் கிரேட்டர் லண்டன் நிர்வாகம் வீடு கட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்தது. ஈலிங், ஹில்லிங்டன், ஹவுன்ஸ்லோ ஆகிய மூன்று பகுதிகளிலும் மின்கட்டமைப்பில் இடம் நிரம்பிவிட்டது, சில புதிய குடியிருப்புகள் மின் இணைப்புக்கு 2035 வரைகூடக் காத்திருக்க வேண்டியிருக்கலாம் என்று. டேட்டா சென்டர்கள் முன்கூட்டியே பெரிய அளவில் மின்சாரம் கேட்டுப் பதிந்து வைத்தது முக்கியக் காரணம். பிறகு சின்னத் திட்டங்களுக்கு இடைக்கால ஏற்பாடு செய்தார்கள். சவுத்தால் இருப்பது அந்த ஈலிங்கில்தான். ஒரு வீட்டில் மூணு குடும்பம் இருக்கிற ஊர் இது. ஆன்ட்டிக்கிட்ட இதைச் சொன்னேன். "உன் கம்ப்யூட்டர் படத்துக்கு கரண்ட் இருக்கு, என் பொண்ணு வீட்டுக்கு இல்லையா?"ன்னு கேட்டாங்க. நானும் பதில் சொல்லாம டீயைக் குடிச்சேன்.

மனை இருந்தால் தீயும் பிடிக்கும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுவதும் எரிந்தது. லட்சக்கணக்கான தளங்கள் படுத்தன. நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜனில் அரசாங்க டேட்டா சென்டரில் தீ. அரசு ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்புக்கு வெளியே நகலே இல்லை. போனது போனதுதான். பணமும் ஆளும் இருக்கிற ஒரு அரசாங்கத்துக்கே இது நடந்தது.

* * *

சரி, கேட்டவங்களுக்காக நான் செஞ்சதைச் சொல்லிடறேன். நான் எடுத்தது பெரிய கம்பெனி சேவை ஒன்று. எல்லா இடத்திலும் வழிமுறை கிட்டத்தட்ட இதேதான்.

முதல்ல ஒரு பக்கெட். ஆமா, பேரே அதான். கோப்புகளைப் போட்டு வைக்கிற வாளி. அதுக்குப் பேர் வைக்கும்போதே எந்த ஊரில் இருக்கணும்னு கேட்கும். மும்பை, லண்டன், சிங்கப்பூர்னு பட்டியல் வரும். படிக்கிறவங்க ஊர்ப்பக்கம்னா மும்பை நல்லது. நான் மும்பைதான் எடுத்தேன். கண்மாயாவது நாட்டுக்குள்ள இருக்கட்டுமே!

அப்புறம் பக்கங்களை ஏத்தணும். முகப்புப் பக்கம் எதுன்னு சொல்லணும். நான் எல்லாத்தையும் ஏத்திட்டு ஆசையாத் திறந்தா, அனுமதி இல்லைன்னு வந்துச்சு. ரெண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். தப்பு என்னோடது. இப்பல்லாம் வாளி பூட்டித்தான் வரும், பொதுமக்கள் படிக்கலாம்னு நாமதான் திறக்கணும். கொடுத்திருக்கிற குறிப்பைப் படிச்சிருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

மூணாவது, சொந்தமா ஒரு பேர் வாங்குங்க. வருஷச் சந்தா உண்டு. பேர் உங்க கையில இருந்தா நாளைக்கு வேற கம்பெனிக்கு மாறினாலும் முகவரி மாறாது. பேரும் அவங்களோடதுன்னா வீட்டைக் காலி பண்ணும்போது முகவரியும் போயிடும். நாலாவது, பில் இவ்வளவைத் தாண்டினா மின்னஞ்சல் அனுப்புன்னு முதல் நாளே சொல்லி வைங்க. மாணவன் பர்ஸ் தாங்காது.

இது மொத்தமும் ஒரு சாயங்கால வேலை. ஆனா முடிச்சதும் ஒண்ணு உறைச்சுது. இந்தத் தளம் என் பேங்க் கார்டுல தொங்குது. கார்டு காலாவதியானாலோ, நான் பஸ்ஸுல அடிபட்டுப் போனாலோ, சில மாசத்துல பக்கம் இருக்காது. அந்த இலவச இடத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் நான் நினைச்ச அளவு பெரிசு இல்லை. டேட்டா சென்டருக்குள்ள மூணு நகல் வைக்கறது அவங்க வேலை. அதுக்கு வெளியே நகல் வைக்கறது நம்ம வேலை.

அதனால மதுரைத் திட்டத்துக்காரங்க வழியைப் பிடிச்சேன். ஒவ்வொரு பக்கத்து அடியிலயும், யாரும் நகலெடுத்துக்கலாம், பரப்பலாம்னு பெரியப்பா பேர்ல ஒரு வரி சேர்த்தேன். அவர்கிட்ட கேட்டுத்தான். மொத்தத்தையும் ஒரே ஜிப்பாக் கட்டி முகப்புலயே இறக்கிக்க வெச்சேன். இணைய ஆவணக் காப்பகத்துல 23 பக்கத்தையும் ஒவ்வொண்ணா சேமிக்கச் சொன்னேன். போன தடவை அங்கே முகப்புப் பக்கம் மட்டும்தான் மாட்டியிருந்துச்சு, உள் பக்கம் ஒண்ணுகூட இல்லை. சித்தப்பா பையன், அத்தை பொண்ணு ரெண்டு பேர் கணினிலயும் நகல் இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பென்டிரைவ். கடைசியா, காகிதத்துல அச்சடிச்சு நூல் கோர்த்து ஒரு பிரதி, ஊர் நூலகத்துக்கு.

போன ஞாயித்துக்கிழமை பெரியப்பாவுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். கடைசியா, "எத்தனை நாளைக்கு இருக்கும்னு கேட்டீங்கல்ல? நான் காசு கட்டுற வரைக்கும் மும்பையில இருக்கும். அதுக்கப்புறம் யார்கிட்ட நகல் இருக்கோ அவங்ககிட்ட இருக்கும்"னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கண்மாய் மாதிரின்னு சொல்லு. வருஷா வருஷம் யாராவது இறங்கித் தூர் வாரினாத்தான் இருக்கும்"னார். அதோட, நீர்ப்பாய்ச்சி சொன்னதுல தனக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும் ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சிருக்கறதாச் சொன்னார். "அவர் பேச்சு வராது. சங்கதி மட்டும் வரும்"னார்.

நாலு பக்கம் எழுதியிருக்காராம். வந்ததும் தட்டச்சு பண்ணி ஏத்தணும்.

நம்ம பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க பழைய பதிவுகளுக்கு நகல் இருக்கான்னு இந்த வாரக் கடைசியில ஒரு தடவை பாருங்க. வீட்டுப் பெரியவங்க யாராவது எழுதினது பழைய சிடியில தூங்கினா, அதை முதல்ல எடுங்க. டிஸ்கி, பாமினின்னு எந்தக் குறியீடா இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்புங்க. மாத்தித் தர்றேன். டிசர்டேஷனைத் தள்ளிப்போட எனக்கும் ஒரு சாக்கு வேணும்ல :-)